ஒரு கையும் ஒரு கண்ணாடி டம்ளரும்

(மூன்றாமாண்டு இயற்பியல்)

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பு ஒன்றைப் படமெடுக்க முயன்றேன். புளி போட்டுத் துலக்கித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். காலை வெயிலில் அது தங்கம்போல் மின்னியது. கருப்பு வெள்ளைப் பிலிம், கவனமாகத்தான் எடுத்தேன். படம் கழுவி வந்தபோது அதில் செம்பைக் காணவில்லை. வாசற்கதவு இருந்தது. எதிர்வீட்டுக் கூரை இருந்தது. வயிறு பருத்து, கால் குறுகி, முகத்தில் கேமரா முளைத்த ஓர் உருவம் இருந்தது. அந்த உருவம் நானேதான்! செம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் கண்ணைக் கூசியது.

இயற்பியல் மாணவனுக்கு இதன் காரணம் தெரிந்திருக்க வேண்டும். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். சுவரும் துணியும் தம்மேல் விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன. ஆகவே எங்கிருந்து பார்த்தாலும் அவை தம் முகத்தைக் காட்டுகின்றன. பளபளப்பான பொருளுக்குச் சொந்த முகம் கிடையாது. எதிரில் எது இருக்கிறதோ அதையே திருப்பிக் காட்டும். செம்பைப் படமெடுப்பவன் உண்மையில் செம்பைச் சுற்றியுள்ள உலகத்தைத்தான் படமெடுக்கிறான். வண்ணம் இருந்தாலாவது மஞ்சள் நிறத்தைக் கண்டு செம்பென்று ஊகிக்கலாம். கருப்பு வெள்ளையில் அந்த உதவியும் இல்லை. கண்ணாடியின் கதை இன்னும் மோசம். அது ஒளியைத் தன்னூடே போகவிட்டு, போகும் வழியில் வளைத்துவிட்டு, கொஞ்சத்தைத் திருப்பியும் அனுப்புகிறது.

என் படத்தைப் பார்த்துச் சிரித்த விரிவுரையாளர் ஒருவர், இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மனிதரைப் பற்றிப் படிக்குமாறு சொன்னார். அவர் பெயர் யோசெப் சுடெக். செக் நாட்டவர். பிராக் நகரத்தின் கவிஞர் என்று புகழப்பட்டவர்; ஆனால் கவிதை எழுதியவரல்லர், புகைப்படக்காரர். அதுவும் வலது கை இல்லாத புகைப்படக்காரர். அவரைப் பற்றிப் படித்ததை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சுடெக் 1896 மார்ச் 17 அன்று கொலீன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்று அந்தப் பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. தந்தை வீடுகளுக்குச் சுண்ணமும் வண்ணமும் பூசும் தொழிலாளி. மகனுக்கு விவரம் தெரியுமுன்னரே மறைந்துவிட்டார். பையன் பிராகுக்குச் சென்று புத்தகம் கட்டும் தொழில் பழகினான். தாளை மடித்து, தைத்து, பசை தடவி, அட்டை போடும் வேலை. முழுக்க முழுக்க இரு கைகளின் வேலை என்பதை நினைவில் வையுங்கள். அக்காலத்திலேயே பொழுதுபோக்காகக் கேமராவும் கைக்கு வந்தது.

1915இல் படைக்கு அழைப்பு வந்தது. முதல் உலகப் போரில் இத்தாலிய முனைக்கு அனுப்பப்பட்டார். 1916இல் வலக்கையில் காயம்பட்டது. காயம் ஆறாமல் புரையோடவே, தோள் வரை கையை வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது இருபது. பின்னர் மருத்துவமனை மருத்துவமனையாகப் பல ஆண்டுகள் கழிந்தன. போர் முடிந்து, பேரரசு சிதறி, செக்கோஸ்லோவாக்கியா என்ற புதிய குடியரசு தோன்றியபோது, புத்தகம் கட்டும் இளைஞனிடம் புத்தகம் கட்டக் கை இல்லை. அலுவலக வேலை ஒன்று கிடைக்கவிருந்தது, அவர் ஏற்கவில்லை. ஊனமுற்ற படைவீரருக்கான சிறு ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு புகைப்படம் படிக்கப் புறப்பட்டார். 1922 முதல் 1924 வரை பிராகிலுள்ள அரசு வரைகலைப் பள்ளியில் கரேல் நோவாக் என்பவரிடம் பயின்றார்.

ஒற்றைக் கையால் புகைப்படத் தொழில் செய்வதென்றால் என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. இன்றைய சிறு கேமரா அன்று. மரப்பெட்டி, துருத்தி, முக்காலி, கண்ணாடித் தட்டு அல்லது பெரிய பிலிம் தாள், தலைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் கருந்துணி எல்லாம் சேர்ந்தது. முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடப்பார். கை போதாத இடத்தில் பற்களால் கவ்விக்கொள்வார். இருட்டறையிலும் இதே பாடுதான். இவருடைய தங்கை பொஷெனா தாமும் புகைப்படக்கலை அறிந்தவர். நெடுங்காலம் உடனிருந்து உதவினார். சுடெக் திருமணம் செய்துகொள்ளவில்லை.

படிப்புக் காலத்தில் போரில் ஊனமுற்றோர் தங்கும் பெரிய விடுதியொன்றில் வசித்தார். அங்கேயும் படமெடுத்தார். புகைமண்டிய கூடத்தில் உட்கார்ந்திருக்கும் உருவங்கள், அவர்களுக்குப் பின்னால் சன்னல், சன்னல் வழியே வழியும் ஒளி. மனிதர்கள் நிழலாகவும் ஒளியே உடலாகவும் தெரியும் படங்கள் அவை. பின்னாளில் டம்ளரிலும் முட்டையிலும் அவர் தேடிய ஒளி அந்த விடுதியிலேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

1924இல் யாரோமீர் ஃபுங்கே, அடோல்ஃப் ஷ்னீபெர்கர் ஆகிய நண்பர்களுடன் சேர்ந்து செக் புகைப்படக் கழகத்தை நிறுவினார். அதே ஆண்டு முதல் 1928 வரை பிராகின் புனித வீட்டஸ் பேராலயத்தைப் படமெடுத்தார். 1344இல் அடிக்கல் நாட்டிய ஆலயம் அப்போதும் கட்டி முடிந்தபாடில்லை, 1929இல்தான் முடிந்தது. பிறர் கோபுரத்தைப் படமெடுத்தார்கள். சுடெக் உள்ளே கிடந்த பலகைகளையும் கயிறுகளையும் தள்ளுவண்டிகளையும், அவற்றின்மேல் உயர்ந்த சாளரங்களிலிருந்து சரிந்து விழும் வெயிலையும் படமெடுத்தார். பதினைந்து படங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு 1928இல் வெளிவந்தது.

இதற்கிடையில் 1926இல் ஒரு சம்பவம். இதைச் சொல்லாமல் அவர் வரலாறு நிறைவுறாது. செக் பில்ஹார்மோனிக் இசைக் குழுவினர் இத்தாலிக்குச் சென்றபோது நண்பர்கள் என்ற முறையில் சுடெக்கும் உடன் சென்றார். ஒரு நகரில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. பாதியில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இருட்டில் நகரத்தைத் தாண்டி நடந்தார். பத்தாண்டுகளுக்கு முன் தாம் அடிபட்டு விழுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். காயம்பட்டவர்களைக் கிடத்தியிருந்த பண்ணை வீடு அங்கே அப்படியே இருந்தது. கை மட்டும் அங்கே இல்லை. இசைக் குழு ஊர் திரும்பிவிட்டது. இவரைக் காணாமல் நண்பர்கள் தவித்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துத்தான் பிராக் வந்து சேர்ந்தார். அதன் பிறகு அயல்நாட்டுப் பயணம் என்பதையே அவர் விரும்பவில்லை. உடலின் ஒரு பகுதியைத் தேடிப் போனவர், இல்லையென்று கண்டு திரும்பியபின் தம் நகரத்தையும், பின்னர் தம் தோட்டத்தையும், அதன் பின்னர் தம் சன்னலையும் விட்டு அதிகம் நகராமலே வேலை செய்தார்.

1927இல் ஊயெஸ்த் என்ற தெருவில், அடுக்கு வீடுகளின் பின்முற்றத்தில், ஒரு மரக்கொட்டகையைத் தம் கூடமாக்கிக்கொண்டார். சிறிய தோட்டம். முறுகி வளைந்த ஓர் ஆப்பிள் மரம். மறைந்த தந்தையின் தொழில்போல இங்கே பூச்சுமில்லை, அழகுமில்லை. ஆனால் சன்னல் இருந்தது.

வயிற்றுப் பிழைப்புக்கு விளம்பரப் படங்கள் எடுத்தார். வீட்டுப் பொருள்களைப் படமெடுக்கும் நம் பொருளுக்கு இங்கேதான் வருகிறோம். அந்நாளில் பிராகில் கூட்டுறவுப் பதிப்பகம் ஒன்று இயங்கியது. அதன் பெயரின் பொருளே கூட்டுறவு உழைப்பு என்பதாகும். புத்தகங்களுடன் அன்றாட வாழ்வுக்குரிய நல்ல வடிவமுள்ள வீட்டுப் பொருள்களையும் அது தன் கடையில் விற்றது. அவற்றை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் லாடிஸ்லாவ் சுட்னார். வெண்பீங்கான் தட்டுகள், வெப்பம் தாங்கும் கண்ணாடியால் செய்த தேநீர்க் கோப்பைகள் போன்றவை இவர் கைவண்ணம். அவற்றைப் படமெடுத்தவர் சுடெக்.

வாங்குபவர் மனம் கவரப் பொருள் தெளிவாகத் தெரிய வேண்டும். வளைவு தெரிய வேண்டும், விளிம்பு தெரிய வேண்டும், கேமரா தெரியக்கூடாது! கண்ணாடியைப் படமெடுப்பதில் இரு வழிகள் உண்டு. ஒளிரும் வெண்பரப்பைப் பின்னால் வைத்தால் நடுப்பகுதி வெளிச்சமாகவும், ஒளி வளைந்துபோகும் விளிம்புகள் கருங்கோடாகவும் தெரியும். மை தொட்டு வரைந்தது போலிருக்கும். கரும்பரப்பைப் பின்னால் வைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால் இது தலைகீழாகும்: இருளில் விளிம்புகள் மட்டும் வெள்ளிக்கம்பிகளாக மின்னும். உலோகத்துக்கோ அது பார்க்கும் திசைகளிலெல்லாம் வெண்துணியோ தாளோ நிறுத்த வேண்டும். அதாவது பொருளுக்கு ஒளியூட்டுவதைவிட, பொருள் எதைப் பார்க்கிறதோ அதற்கு ஒளியூட்ட வேண்டும். (இதைப் படித்தபின் அப்பாவின் வேட்டி இரண்டைச் செம்பைச் சுற்றிக் கொடியில் தொங்கவிட்டு, இடையில் ஓட்டையளவு இடைவெளி விட்டு மீண்டும் எடுத்தேன். இம்முறை செம்பு செம்பாகவே வந்தது. வேட்டியின் கரை மட்டும் கழுத்தில் ஒரு கோடாக விழுந்துவிட்டது.)

சுடெக்கின் விளம்பரப் படங்கள் கூர்மையானவை. கோப்பைகள் குறுக்குச் சாய்வாக அணிவகுக்கும். அவற்றின் நிழல்களும் சரக்கோடு சரக்காகச் சேர்ந்து நிற்கும். அவற்றை இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் போற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் இவற்றோடு அவர் நின்றிருந்தால் திறமையான தொழிலாளி என்ற பெயரோடு போயிருப்பார்.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகினுள் நுழைந்தது. சுட்னார் அந்த ஆண்டு உலகக் கண்காட்சிப் பணிக்காக நியூயார்க் சென்றவர், திரும்பவேயில்லை. சுடெக் இருந்த இடத்திலேயே இருந்தார். முக்காலியுடன் தெருவில் திரிவது ஆபத்தாயிற்று. இரவில் விளக்குகளை மறைத்து ஊரே இருண்டு கிடந்தது. அவர் கேமராவைத் தம் சன்னல் பக்கம் திருப்பினார்.

1940இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. பிரான்சின் ஷார்த்ர் பேராலயச் சிலை ஒன்றின் பழைய படம் அவர் கண்ணில் பட்டது. அது நெகடிவிலிருந்து பெரிதாக்கப்பட்டதன்று. நெகடிவைத் தாளின்மேல் நேராகப் பதித்து எடுத்த அச்சு. கல்லின் சொரசொரப்பு அப்படியே விரலில் தட்டுவது போலிருந்ததாம். அன்றோடு பெரிதாக்கும் கருவியை ஒதுக்கிவிட்டார். நெகடிவ் எந்த அளவோ படமும் அந்த அளவே. பெரிய படம் வேண்டுமா, பெரிய கேமராவைத் தூக்கு! முப்பதுக்கு நாற்பது செண்டிமீட்டர் அளவுள்ள பெட்டி வரை ஒற்றைக் கையுடன் சுமந்தார். வசதியைத் தேடிப் பிறர் சிறிய கேமராவுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் இவர் எதிர்த்திசையில் நடந்தார். இது பிடிவாதமா என்று முதலில் எனக்கும் தோன்றியது. அவர் படங்களின் சாம்பல் நிறங்களைப் பார்த்தபின் அப்படித் தோன்றவில்லை. கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையே எத்தனை படிகள் உண்டென்று அந்த அச்சுகளில்தான் தெரிகிறது.

1940 முதல் 1954 வரை அந்தச் சன்னலை எடுத்துக்கொண்டேயிருந்தார். குளிர்காலத்தில் உள்ளே அடுப்பின் வெம்மை, வெளியே பனி. கண்ணாடியில் ஈரம் படியும், துளிகள் வழியும், சில நாள் உறைபனி கோலமிடும். அதனூடே ஆப்பிள் மரம் ஒரு நிழலாகத் தெரியும். தெளிந்த கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது; ஆவி படிந்ததும் நீர்த்துளி ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணாடியே ஒரு பொருளாகிவிடுகிறது. செக் நாட்டின் இருண்ட ஆறாண்டுகளில் இந்தக் கண்ணாடிக்கு அப்பால் என்ன நடந்தது என்பதைப் படம் காட்டவில்லை. ஆயினும் அந்தக் கண்ணாடியைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

போர் முடிந்ததும் ஓர் இளம்பெண் அவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தார். சோன்யா புல்லாட்டி என்பது அவர் பெயர். யூதர், அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர். கை இழந்த மனிதரும் எல்லாம் இழந்த பெண்ணும் அந்த மரக்கொட்டகையின் இருட்டறையில் சேர்ந்து வேலை செய்தார்கள். 1947இல் அவர் அமெரிக்கா சென்று தாமும் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞரானார். சுடெக்கைப் பற்றி அவர் உருவாக்கிய நூல் 1978இல் நியூயார்க்கில் வெளிவந்தது. செக் நாட்டுக்கு வெளியே பலர் சுடெக்கை அறிந்தது அந்நூலால்தான்.

இனி டம்ளருக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில் சன்னல் விளிம்பிலும் மேசையிலும் எளிய பொருள்களை வைத்துப் படமெடுக்கத் தொடங்கினார். சுட்னாரின் நாகரிகக் கோப்பைகள் அல்ல. தேநீர்க் கடையில் நாம் பார்க்கிறோமே, அது போன்ற பட்டை வைத்த தடித்த கண்ணாடி டம்ளர். அதில் பாதி தண்ணீர். பக்கத்தில் ஒரு முட்டை. சில சமயம் ஒரு துண்டு ரொட்டி. வேறொன்றுமில்லை. விளக்கும் இல்லை, சன்னல் வெளிச்சம்தான்.

இயற்பியல் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் புன்னகைப்பார்கள். முட்டை ஒளியைச் சிதறடிக்கிறது. டம்ளரோ திருப்பவும் செய்கிறது, வளைக்கவும் செய்கிறது. தண்ணீர் நிறைந்த டம்ளர் உருளை வடிவ லென்ஸாகி, பின்னால் இருப்பதை இடவலமாகப் புரட்டிவிடுகிறது. ஒவ்வொரு பட்டையும் ஒரு சிறு சன்னலைத் தாங்குகிறது. நீர்மட்டத்தில் ஒரு வெள்ளிக்கோடு. மேசையின்மேல் நிழல் விழ வேண்டிய இடத்தின் நடுவே, தண்ணீரால் குவிக்கப்பட்ட ஒளி! என் செம்புப் படத்தில் எதிர்வீட்டுக் கூரை வந்து கெடுத்தது. சுடெக்கோ தம் டம்ளரில் சன்னல் தெரிவதை மறைக்கவேயில்லை. விளம்பரப் படத்தில் துணி கட்டி விரட்டிய அறையை இப்போது உள்ளே வரவிட்டார். அதனால் டம்ளர் படத்தில் டம்ளரும் இருக்கிறது, அறையும் இருக்கிறது, அன்றைய வானமும் இருக்கிறது. மழை நாளின் டம்ளர் வேறு. வெயில் நாளின் டம்ளர் வேறு. ஆண்டுக்கணக்கில் அதே பொருளை அவர் ஏன் எடுத்தார் என்ற கேள்விக்கு விடை இதுதான் என நினைக்கிறேன்.

1956இல் எடுத்த ஒரு படம் புகழ்பெற்றது. சன்னலடியில் கண்ணாடி டம்ளரில் ரோஜாக்கள். பின்னால் ஈரம் வழியும் கண்ணாடி. கடைசி ரோஜாக்கள் என்று பெயரிட்டார். வெளிச்சம் குறைவாயிருக்கும் அந்த அறையில் லென்ஸை நெடுநேரம் திறந்து வைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: இப்படங்களை அச்சில் பார்ப்பவர்கள், இது இருண்டு போயிற்றே என்று எண்ணக்கூடும். பிரகாசம் அவர் நோக்கமன்று.

1948க்குப் பின் நாட்டில் கம்யூனிச ஆட்சி. தொழிற்சாலையையும் உழைப்பாளியையும் போற்றும் கலையையே அரசு விரும்பியது. முட்டையும் டம்ளரும் யாருக்கு வேண்டும்? ஓவியர்களின் படைப்புகளைப் படமெடுத்துக் கொடுத்து வாழ்க்கையை ஓட்டினார். அவர் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை. தம் வேலையையும் விடவில்லை. பழைய கோடக் கேமரா ஒன்றால் நகரத்தை நீளப்படங்களாக எடுத்த நூல் 1959இல் வந்தது. 1961இல் அரசே அவருக்குக் கலைஞர் பட்டம் அளித்தது. 1966இல் மற்றொரு விருது. இவற்றை அவர் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை.

அவர் பெரிதாகக் கருதியது இசையை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் நண்பர்கள் அந்தக் கொட்டகையில் கூடுவார்கள். இசைத்தட்டுகள் சுழலும். செக் இசைமேதை லியோஷ் யானாச்செக்கின்மேல் அவருக்கு அளவிறந்த பற்று. அவர் பிறந்த ஹுக்வால்டி ஊரைப் படமெடுத்து 1971இல் நூலாக்கினார். கூடத்தில் உட்கார இடமிருக்காதாம். தாள், பெட்டி, தட்டு, கயிறு, காய்ந்த பூ, எதையும் அவர் எறியமாட்டார். இந்தக் குப்பையே பின்னாளில் கைகொடுத்தது. 1960களில் கண்ணாடித் துண்டுகளையும் கசங்கிய தாள்களையும் அடுக்கடுக்காக வைத்து, எது பொருள் எது பிம்பம் என்று பிரிக்க முடியாத படங்களை எடுத்தார். அவற்றுக்குப் புதிர்ப்பாதைகள் என்று பெயர். இவற்றில் சில எனக்கு விளங்கவில்லை. டம்ளர்களையே நான் விரும்புகிறேன்.

யோசெப் சுடெக் 1976 செப்டம்பர் 15 அன்று, எண்பது வயதில், பிராகில் காலமானார். பிறந்த ஊரான கொலீனில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற படங்களில் பெரும்பகுதி தங்கையின் வழியாகப் பிராகின் அலங்காரக்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1985இல் ஊயெஸ்த் தெரு மரக்கொட்டகை தீப்பிடித்து அழிந்தது. அதே இடத்தில் அதே அளவில் மீண்டும் கட்டி, 2000ஆம் ஆண்டு புகைப்படக் காட்சிக் கூடமாகத் திறந்தார்கள். சன்னலையும் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள்.